முன்னச்சும் பின்னச்சும்: தொடக்கக்கால மோட்டார் கார்களில் பிரேக் விசைப் பகிர்வின் வரலாறு (1886–1939)

ஆய்வுச் சுருக்கம்

மோட்டார் கார் தோன்றி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வரை பெரும்பாலான கார்களில் முன் சக்கரங்களுக்குப் பிரேக் இல்லை. முன் சக்கரப் பிரேக் பொருத்திய கார்கள் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே விற்பனைக்கு வந்தபோதிலும், அவை பொது வழக்காவதற்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. இத்தாமதத்தை ஓட்டுநர்களின் வீண் அச்சமாகவும் தயாரிப்பாளர்களின் பழைமைப் பற்றாகவும் விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் போதாது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். முன் சக்கரத்தில் பிரேக்கைப் பொருத்துவது எளிய பணியாகவே இருந்தது; பிரேக் விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும், இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் உரிய அளவில் பகிர்வதே கடினமாக இருந்தது. இக்காலத்தின் பொறியியல் மாற்றங்கள் அப்பகிர்வுச் சிக்கலுக்குக் கண்ட படிப்படியான தீர்வுகளாக இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொழில்நுட்ப வரலாறு, மோட்டார் கார், பிரேக் விசைப் பகிர்வு, சுமை இடமாற்றம், நீரியல் பிரேக்

1. முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. ஒரு கருவியை முதலில் உருவாக்கியவர் யார், எந்த ஆண்டில் உருவாக்கினார் என்னும் வினாக்களே அவ்வகை வரலாற்றில் முதன்மை பெறுகின்றன. மோட்டார் கார் பிரேக்கின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. அதில் பின் சக்கரப் பிரேக்கின் காலம் அறியாமையின் காலமாகவும், நான்கு சக்கரப் பிரேக்கின் வருகை அறிவின் வெற்றியாகவும் அமைந்துவிடுகின்றன.

அக்காலத்தவர் முன் சக்கரப் பிரேக்கை எதிர்த்தபோது முன்வைத்த காரணங்கள் தனித்து ஆராயத்தக்கவை. முன் சக்கரம் சுழலாமல் நின்றுவிட்டால் காரைத் திருப்ப இயலாது என்றனர். இருபுறப் பிரேக்குகளும் சமமாகப் பிடிக்காவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும் என்றனர். ஈரச் சாலையில் சறுக்கல் மிகும் என்றனர். இவற்றுள் முதல் இரண்டும் உண்மையான இடர்களே. மூன்றாவதும் பகிர்வு தவறாக அமைந்த கார்களில் உண்மையாயிற்று. எனவே ‘ஏன் தாமதித்தார்கள்?’ என்னும் வினாவைவிட, ‘எவையெல்லாம் தீர்ந்த பின்னர் முன் சக்கரப் பிரேக் நம்பத்தக்கதாயிற்று?’ என்னும் வினாவே பயனுடையது.

இக்கட்டுரையில் ‘பிரேக்’ என்ற வழக்குச் சொல்லே ஆளப்படுகிறது. கார் நகர்ந்துகொண்டிருக்கையில் சக்கரத்தின் சுழற்சி முற்றாக நின்று, டயர் சாலையின்மீது தேய்ந்து செல்லும் நிலை ‘இறுகுதல்’ எனப்படுகிறது.

2. பின் சக்கரப் பிரேக்கின் காலம்

முதல் மோட்டார் கார்கள் குதிரை வண்டியின் மரபிலிருந்தே தம் பிரேக்கைப் பெற்றன. சக்கரத்தின் விளிம்பில் ஒரு கட்டையை அழுத்துவது வண்டிகளில் நெடுங்காலமாக இருந்த முறையாகும். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் கைநெம்புகோலால் இயங்கும் பிரேக் இருந்தது. 1888இல் பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு அவ்வகை வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு பிரேக் கட்டைகளுக்குத் தோல் உறை இடச்செய்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ரப்பர் டயர் வந்தபின் டயரின்மீது கட்டையை அழுத்தும் முறை பொருந்தாது போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் மேபாக், லூயி ரெனோ ஆகியோரின் வடிவமைப்புகள் வழியாக டிரம் பிரேக் நிலைபெற்றது.

இக்காலத்தில் இரண்டு பிரேக்குகள் இருப்பது வழக்கம். ஒன்று கியர்பாக்ஸின் பின்னே செலுத்துத் தண்டின்மீது இயங்கியது. மற்றொன்று பின் சக்கர டிரம்களில் இயங்கியது. இவ்வமைப்பு அறியாமையால் விளைந்தது அன்று. செலுத்துத் தண்டில் பிடிக்கும் பிரேக்கின் முறுக்குவிசை டிஃபரன்ஷியல் வழியாகவே சக்கரங்களை அடைகிறது. டிஃபரன்ஷியல் அதனை இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பகிர்கிறது. ஆகவே இட-வலச் சமநிலை தனி ஏற்பாடு எதுவுமின்றியே கிடைத்தது. பின்னச்சு திரும்புவதில்லை, ஆதலால் பிரேக் இணைப்புகளைத் திரும்பும் சக்கரம் வரை கொண்டுசெல்லும் தேவையும் எழவில்லை.

இதன் குறைகளும் தெளிவானவை. ஒரு சக்கரம் வழுக்கும் இடத்தில் இருந்தால், மறு சக்கரத்திலும் அவ்வளவு விசையே கிடைக்கும். பிரேக்கின் முழுச் சுமையையும் பற்சக்கரங்களும் தண்டும் தாங்கவேண்டியிருந்தது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு ‘மாடல் டி’ காரின் கால் பிரேக் இவ்வகையைச் சேர்ந்ததே. ஒன்றரைக் கோடி அளவில் விற்பனையான அக்காரின் வழியாகவே உலகில் பலர் பிரேக் என்பதை அறிந்தனர்.

3. சுமை இடமாற்றமும் அதன் கணக்கும்

பகிர்வுச் சிக்கலின் இயற்பியல் அடிப்படை எளிது. பிரேக் விசை டயர்கள் சாலையைத் தொடும் இடத்தில், அதாவது தரைமட்டத்தில், செயற்படுகிறது. காரின் நிறை அதற்கு மேலே, ஈர்ப்பு மையத்தில் முன்னோக்கிச் செல்ல முயல்கிறது. இதனால் கார் முன்புறம் சாய்ந்து, பின்னச்சின் சுமையில் ஒரு பகுதி முன்னச்சுக்கு மாறுகிறது. மாறும் சுமை மூன்றைப் பொறுத்தது: வேகக்குறைப்பின் அளவு, ஈர்ப்பு மையத்தின் உயரம், இரு அச்சுகளுக்கும் இடையிலான தொலைவு.

எடுத்துக்காட்டாக, ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரத்திலும், அச்சிடைத் தொலைவு 280 செ.மீ. ஆகவும், நிற்கும்போது சுமை இரு அச்சுகளிலும் சரிபாதியாகவும் உள்ள ஒரு காரைக் கொள்வோம். உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.6 எனக் கொள்வோம். நான்கு சக்கரங்களும் தம் பிடிமானத்தை முழுமையாகப் பயன்படுத்தினால் வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்காகும். அப்போது மொத்தச் சுமையில் 15 விழுக்காடு முன்னே மாறி, பகிர்வு 65:35 ஆகிறது. அதே காரில் பின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் இருந்தால், பிரேக் அழுத்த அழுத்தப் பின்னச்சின் சுமை குறைகிறது. சுமை குறையக் குறையப் பிடிமானமும் குறைகிறது. ஆகவே பெறத்தக்க பெரும வேகக்குறைப்பு 0.26 பங்கு மட்டுமே. மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க முதல் நிலையில் ஏறத்தாழ 24 மீட்டரும், இரண்டாம் நிலையில் ஏறத்தாழ 54 மீட்டரும் தேவைப்படும்.

இரண்டாவது முடிவு ஒன்றும் இக்கணக்கிலிருந்து கிடைக்கிறது. 0.25 பங்கு வேகக்குறைப்புக்குப் பின் சக்கரங்களை மட்டும் நம்பினால், பின் டயர்கள் 0.57 அளவு உராய்வைப் பயன்படுத்தியாக வேண்டும், அது 0.6 என்னும் எல்லைக்கு மிக அருகில் உள்ளது. அதே வேகக்குறைப்பை முன்-பின் 60:40 பகிர்வில் பெற்றால் பின் டயர்கள் 0.23 அளவையே பயன்படுத்துகின்றன. எனவே முன் சக்கரப் பிரேக்கின் பயன் குறுகிய தொலைவில் நிற்பது மட்டுமன்று. வழக்கமான பிரேக் பிடிப்பில் பின் சக்கரங்கள் சறுக்கல் எல்லையை அணுகாதிருப்பதும் அதன் பயனே. சறுக்கல் மிகும் என அஞ்சியவர்கள் இவ்வுண்மையைக் காணத் தவறினர்.

எந்த அச்சு முதலில் இறுகுகிறது என்பதும் முக்கியமானது. இறுகிய டயர் பக்கவாட்டுப் பிடிமானத்தை ஏறத்தாழ முற்றிலும் இழக்கிறது. முன் சக்கரங்கள் இறுகினால் ஓட்டுநரால் திருப்ப இயலாது. ஆனால் பின் டயர்களின் பக்கவாட்டு விசை காரை நேராக வைத்திருக்கும். பின் சக்கரங்கள் இறுகினால் முன் டயர்களின் பக்கவாட்டு விசை சிறு திசைவிலகலையும் பெருக்கி, காரைச் சுழற்றிவிடும். ‘முன் சக்கரம் தடையின்றிச் சுழலவேண்டும், அப்போதே காரைத் திருப்ப முடியும்’ என்ற பழைய கொள்கை முதல் இடரை மட்டும் கண்டது. இரண்டாவது இடரே பெரிது என்பதை ஏற்றுக்கொண்டதே இவ்வரலாற்றின் அடிப்படைக் கருத்து மாற்றமாகும்.

4. முன் சக்கரத்துக்குச் செல்லும் வழி

1903இல் ஸ்பைக்கர் என்னும் டச்சு நிறுவனம் உருவாக்கிய நான்கு சக்கர இயக்கக் காரில் முன்னச்சுக்கும் பிரேக் இருந்தது. ஸ்காட்லாந்தின் அரோல்-ஜான்ஸ்டன் 1909இலும், அதனையடுத்து இத்தாலியின் இசோட்டா ஃபிராஸ்கினி, ஸ்காட்லாந்தின் ஆர்கைல் ஆகியவையும் முன் சக்கரப் பிரேக் கொண்ட கார்களை அளித்தன. ஆர்கைலுடன் தொடர்புடைய பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி பெரோவின் பெயர் பின்னர் ஐரோப்பா முழுவதும் பரவியது.

இவர்கள் எதிர்கொண்ட தடைகள் மூன்று. முதலாவது, திரும்பும் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்வது. சக்கரம் கிங்பின்னைச் சுற்றித் திரும்பும்போது பிரேக் இழுகோலின் நீளம் மாறினால், வளைவில் பிரேக் தானாகப் பிடிக்கவோ விடவோ செய்யும். சட்டகத்திலிருந்து சக்கரம் வரை நீண்டு சுருங்கும், அனைத்துத் திசை மூட்டுகள் உடைய சுழல்தண்டை அமைத்து பெரோ இதற்குத் தீர்வு கண்டார்.

இரண்டாவது, அச்சின் முறுக்கம். பிரேக் பிடிக்கும்போது முன்னச்சு சக்கரத்தோடு சேர்ந்து சுழல முயல்கிறது. அதைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்குகள் ‘எஸ்’ வடிவில் வளைகின்றன. அச்சோடு பொருந்திய பிரேக் நெம்புகோல் இடம் மாறுவதால் இணைப்பு இறுகவோ தளரவோ நேர்கிறது. பின்னச்சுக்கு மட்டும் செய்த கணக்கில் பொருட்படுத்தாமல் விடத்தக்க அளவில் இருந்த இப்பிழை, முன்னச்சில் பகிர்வையே குலைத்தது. எனவே முன் ஸ்பிரிங்குகளையும் அச்சையும் உறுதிப்படுத்தாமல் பிரேக்கை மட்டும் சேர்ப்பது இயலாததாயிற்று.

மூன்றாவது, இட-வல வேறுபாடு. பின்னச்சில் ஒரு டிரம்மில் எண்ணெய் கசிந்தால் கார் சற்றே விலகும். முன்னச்சில் அதுவே நேர்ந்தால் ஸ்டியரிங் சக்கரம் ஓட்டுநரின் கையிலிருந்து பறிபோகும். டயர் தரையைத் தொடும் இடம் கிங்பின் அச்சுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியுள்ளதோ அவ்வளவுக்கு இவ்விழுப்பு மிகும். ஆகவே கிங்பின்னைச் சாய்த்து, அக்கோடு டயரின் தரைத்தொடுகைக்கு அருகே விழுமாறு அமைக்கப்பட்டது.

இத்தடைகளை நோக்கும்போது, முன் சக்கரப் பிரேக் என்பது பழைய காரில் கூட்டிச் சேர்க்கத்தக்க ஓர் உறுப்பன்று என்பது விளங்கும். அது முன்னச்சு, ஸ்பிரிங், ஸ்டியரிங் ஆகியவற்றின் மறுவடிவமைப்பையே கோரியது. தாமதத்தின் பெரும்பகுதிக்கு இதுவே காரணமாகும்.

5. பந்தயச் சான்றுகள்

1914ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று லியோன் நகரருகே நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் பெஜோ, டெலாஜ், ஃபியட் ஆகியவற்றின் கார்கள் நான்கு சக்கரப் பிரேக்குடன் வந்தன. மெர்சிடிஸ் கார்களில் பின் சக்கரப் பிரேக் மட்டுமே இருந்தது. முதல் மூன்று இடங்களையும் மெர்சிடிஸே வென்றது. பெஜோவை ஓட்டிய ஜார்ஜ் புவாலோ கடும் போட்டியளித்தும் இறுதிச் சுற்றில் கார் பழுதடைந்து விலக நேர்ந்தது. நான்கு சக்கரப் பிரேக் இருந்த கார்கள் வளைவுகளை நெருங்கும்போது பிந்திப் பிரேக் பிடிக்க முடிந்ததைக் கண்டோர் அதன் மதிப்பை உணர்ந்தனர். எனினும் பந்தய முடிவு மட்டும் எதையும் மெய்ப்பிக்கவில்லை. அம்மாத இறுதியில் தொடங்கிய உலகப் போர் கார் வளர்ச்சியை நான்கு ஆண்டுகளுக்கு மேல் நிறுத்திவைத்தது.

போருக்குப் பின் சான்றுகள் ஒரே திசையில் குவிந்தன. 1921இல் லெ மான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயை நான்கு சக்கர நீரியல் பிரேக் கொண்ட அமெரிக்க டூசன்பர்க் காரில் ஜிம்மி மர்ஃபி வென்றார். 1923இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜான் டஃப், ஃபிராங்க் கிளெமென்ட் ஆகியோர் ஓட்டிய பென்ட்லி காரில் முன் சக்கரப் பிரேக் இல்லை. அடுத்த ஆண்டு முன் சக்கரப் பிரேக்குடன் வந்த அதே இணை வெற்றி பெற்றது.

6. பகிர்வுக்குக் கண்ட நான்கு தீர்வுகள்

1919 முதல் 1930 வரையிலான காலத்தில் பகிர்வுச் சிக்கலுக்கு நான்கு வகைத் தீர்வுகள் ஒருங்கே நிலவின.

முதலாவது, பகிர்வை ஓட்டுநரிடமே விடுவது. 1922இல் வெளிவந்த ஆஸ்டின் செவன் சிறுகாரில் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருந்தது. ஆனால் கால் மிதி பின் சக்கரங்களையும், கைநெம்புகோல் முன் சக்கரங்களையும் இயக்கின. எந்த அச்சுக்கு எவ்வளவு விசை என்பதை ஓட்டுநரின் கையும் காலும் முடிவு செய்தன. திறமையுடையவர் சாலையின் தன்மைக்கேற்பப் பகிர்வை மாற்ற இது இடமளித்தது. பதற்றத்தில் காலை மட்டும் அழுத்துபவருக்கோ பழைய பின் சக்கரப் பிரேக்கே கிடைத்தது. 1930இல் இரண்டும் இணைக்கப்பட்டன.

இரண்டாவது, எந்திரவியல் சமன்கோல். துலாக்கோலைப் போல் நடுவில் ஊசலாடும் ஒரு கோலின் இரு முனைகளிலும் கம்பிவடங்களை இணைத்தால் இருபுற இழுப்பும் சமமாகும். கோலின் ஊசல்புள்ளியை நடுவிலிருந்து நகர்த்தினால் முன்-பின் விகிதத்தையும் விரும்பியவாறு அமைக்கலாம். ஆனால் ஒரு வடம் அறுந்தால் கோல் சரிந்து மறுபுறமும் விசை இழக்கும். துருவும் தேய்மானமும் சமநிலையைக் கெடுத்ததால் இடைவிடாத பராமரிப்பு தேவைப்பட்டது.

மூன்றாவது, விசையைப் பெருக்குவது. ஓட்டுநரின் கால் தரும் விசை ஓர் அளவுக்கு உட்பட்டது. அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிடைப்பது குறையும். 1919இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான ஹிஸ்பானோ-சுயிசா ‘எச்6’ காரில் மார்க் பிர்கிக்ட், கியர்பாக்ஸிலிருந்து இயக்கம் பெறும் உராய்வு செர்வோவை அமைத்தார். ஓடும் காரின் ஆற்றலே பிரேக்கை அழுத்தப் பயன்பட்டது. ரோல்ஸ்-ராய்ஸ் முன் சக்கரப் பிரேக்கை ஏற்றபோது இக்கொள்கையையே தழுவியது. பெரோவின் வடிவமைப்புகளை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற வின்சென்ட் பெண்டிக்ஸின் நிறுவனம் மற்றொரு வழியைப் பரப்பியது. அதில் டிரம்மின் சுழற்சியே பிரேக் ஷூவை மேலும் உள்ளிழுத்து அழுத்தியது. இதனால் மிதிக்க வேண்டிய விசை குறைந்தது. ஆனால் ஷூ உறையின் உராய்வு ஈரத்தாலோ வெப்பத்தாலோ சிறிது மாறினாலும் பிரேக் விசை பெரிதும் மாறியது. தாளில் கணக்கிட்ட விகிதம் சாலையில் நிலைக்கவில்லை.

நான்காவது, நீரியல் முறை. மால்கம் லாக்ஹெட் 1917இல் காப்புரிமை பெற்ற இம்முறை பாஸ்கல் விதியை அடிப்படையாகக் கொண்டது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமம் என்பதால், இட-வலச் சமநிலை எச்சமன்கோலும் இன்றிக் கிடைத்தது. வளையும் குழாய் திரும்பும் சக்கரத்துக்கும் ஆடும் அச்சுக்கும் ஈடுகொடுத்தது. ஆகவே முன்னர்க் குறித்த மூன்று தடைகளின் பிரேக் இணைப்புச் சார்ந்த பகுதியை அது ஒருசேர நீக்கியது. தொடக்கத்தில் தோலால் ஆன அடைப்புகளில் கசிவு இருந்தது. ரப்பர் கிண்ணங்கள் அதைக் குறைத்தன. 1924இல் கிரைஸ்லர் இதனைப் பேரளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. எனினும் ஒரே குழாய் வலையமைப்பு இருந்ததால், ஓரிடத்தில் உடைந்தால் நான்கு பிரேக்குகளும் போகும் என்ற அச்சம் நீடித்தது. எட்டோரே புகாட்டி 1938 வரையும், ஃபோர்டு நிறுவனம் 1938ஆம் ஆண்டு மாதிரிகள் வரையும் எந்திரவியல் பிரேக்கையே தொடர்ந்தமையை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

7. மாறா விகிதத்தின் எல்லை

மேற்கூறியவற்றுள் பின் மூன்று தீர்வுகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. சமன்கோலின் ஊசல்புள்ளியோ சக்கர உருளைகளின் பரப்போ ஒருமுறை முடிவு செய்யப்பட்டால், முன்-பின் விகிதம் நிலையாகிவிடுகிறது. ஆனால் தேவைப்படும் விகிதமோ நிலையானதன்று. முன்னர்க் கண்ட காரிலேயே, உராய்வுக் குணகம் 0.2 ஆகக் குறையும் ஈரச் சாலையில், மாறும் சுமை 5 விழுக்காடு மட்டுமே. உரிய பகிர்வு 55:45 ஆகும். உலர்ந்த சாலைக்கேற்ப 65:35 என அமைத்தால் ஈரத்தில் முன் சக்கரங்கள் முதலில் இறுகும். 55:45 என அமைத்தால் உலர்ந்த சாலையில் பின் சக்கரங்கள் முதலில் இறுகும். இடையே 60:40 என அமைத்தால், 0.4 பங்கு வேகக்குறைப்பு என்னும் ஒரே நிலையில் மட்டும் அது சரியாகும். பின் இருக்கையில் இருவர் அமர்ந்தால் அந்நிலையும் மாறும்.

ஆதலால் மாறா விகிதம் உடைய காரில் பிழையைத் தவிர்க்க இயலாது. எப்பிழையை ஏற்பது என்பதை மட்டுமே வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்க இயலும். முன் சக்கரப் பிரேக்கை மறுத்தவர்கள், ஈரச் சாலையில் திருப்ப இயலாது போவதை ஏற்க மறுத்தனர். அதை ஏற்றவர்கள், கார் சுழன்றுவிடுவதைவிட நேராகச் சறுக்குவது மேல் என முடிவு செய்தனர். இன்று ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 13-எச் விதி, பின்னச்சு முன்னச்சைவிட மிகுதியான பிடிமானத்தைக் கோரலாகாது என்பதைப் பயணிகள் கார்களுக்கான அடிப்படையாகக் கொண்டுள்ளது. 1920களின் தேர்வு இவ்வாறு சட்டமாயிற்று.

விகிதத்தையே மாறச்செய்யும் முயற்சிகள் பின்னர் வந்தன. 1955இல் வெளிவந்த சித்ரோன் ‘டி.எஸ்.’ காரில் பின்னச்சின் சுமைக்கேற்பப் பிரேக் பகிர்வு மாறியது. 1959இன் மினி காரில் பின் சக்கர அழுத்தத்தை வரம்புக்குட்படுத்தும் வால்வு இருந்தது. 1978இல் மெர்சிடிஸ்-பென்ஸ் காரில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு இறுகல் தடுப்பு அமைப்பு வந்தபோது, சக்கரத்தின் சுழற்சியை நொடிதோறும் அளந்து விசையைத் திருத்துவது இயல்வதாயிற்று. திருப்பும் திறனா நேர்ப்போக்கா என்ற பழைய முரண்பாடு அப்போதுதான் பெரும்பாலும் தணிந்தது.

8. முடிவுரை

1920களின் நடுவில் நான்கு சக்கரப் பிரேக் உடைய கார்கள் பல, பின்னால் வருவோரை எச்சரிக்கும் சிவப்பு முக்கோணக் குறியைப் பின்புறம் தாங்கிச் சென்றன. சாலையில் இருவகைக் கார்கள் கலந்து ஓடிய காலத்தில், விரைவாக நிற்கும் கார் பின்வருவோருக்கு இடராகும் என்ற உணர்வை அக்குறி காட்டுகிறது. 1927இன் இறுதியில் ஃபோர்டு ‘மாடல் ஏ’, 1928இல் செவ்ரலே எனப் பெருவாரியாக விற்ற கார்களும் நான்கு சக்கரப் பிரேக்கை ஏற்றபின் அக்குறி தேவையற்றுப் போயிற்று.

இவ்வாய்வின் முடிவுகளை மூன்றாகத் தொகுக்கலாம். முன் சக்கரப் பிரேக்கின் தாமதம் முதன்மையாக முன்னச்சு, ஸ்பிரிங், ஸ்டியரிங், விசைப் பெருக்கம் ஆகியவற்றின் தீராச் சிக்கல்களால் விளைந்தது. எதிர்ப்பாளர்களின் ஐயங்களுள் பல அச்சிக்கல்களையே சுட்டின. நீரியல் முறை இட-வலச் சமநிலையைத் தீர்த்ததேயன்றி முன்-பின் சமநிலையைத் தீர்க்கவில்லை. ஆகவே அதன் வருகையைப் பிரேக் வரலாற்றின் நிறைவாகக் கொள்வது பொருந்தாது. முன்-பின் விகிதத்தைத் தேர்ந்தெடுப்பது வெறும் கணக்கீடு அன்று. தவிர்க்க இயலாத இரு இடர்களுள் எதனைப் பயணியின்மீது சுமத்துவது என்னும் முடிவும் அதில் அடங்கியிருந்தது. தொழில்நுட்ப மாற்றங்களைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாக மட்டும் நோக்கும்போது இம்முடிவுகள் கண்ணுக்குப் புலனாவதில்லை. அவற்றை மீட்டெடுப்பது தொழில்நுட்ப வரலாற்றாய்வின் கடமையாகும்.